நாய்க்கடி முதல் எலிக்காய்ச்சல் வரை: விலங்குகளிடமிருந்து வரும் நோய்களைத் தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நோய்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பல சாவுகளுக்குப் பின்னால், யாரோ சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. நாய்க்குட்டி பிராண்டியதை, அம்மா திட்டுவாளே என்று மறைத்த பிள்ளை. மாடு கன்று வீசியதை, அதாவது சினை கலைந்ததைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாத குடும்பம். ஐந்து நாள் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போய், போன வாரம் சேற்றில் இறங்கி வேலை செய்ததைச் சொல்லாமலே மாத்திரை வாங்கி வந்த விவசாயி.

அதனால் இந்த வழிகாட்டியில் என்ன செய்ய வேண்டும் என்பதோடு, யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். நாயும் மாடும் கோழியும் பூனையும் நம் வீட்டோடு வாழ்கிற உயிர்கள். அவற்றைத் துரத்தச் சொல்லி இங்கே ஒரு வரிகூட இருக்காது.

நாய்க்கடிக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோய், அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் கடித்த உடனே சரியானதைச் செய்துவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். இப்படி இரண்டு பக்கமும் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய நோய் வேறு எனக்குத் தெரியவில்லை.

நாய் கடித்துவிட்டால்

முதலில் இந்த நோய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் கீழே சொல்லும் ஒவ்வொன்றும் ஏன் என்று தானே விளங்கும். ரேபிஸ் வைரஸ் நோயுள்ள நாயின் எச்சிலில் இருக்கிறது. கடித்த இடத்தில் உள்ளே போன வைரஸ், அங்கிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மூளையை நோக்கிப் போகிறது. மூளையை எட்ட பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே அறிகுறி வரலாம், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வரலாம். முகம், கழுத்து, கைவிரல் போன்ற இடங்களில் கடித்தால் பாதை குறுகியது அல்லது நரம்புகள் நெருக்கமானவை, அதனால் அவகாசமும் குறைவு. நாம் செய்வதெல்லாம் வைரஸ் மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன் அதை வழியிலேயே மறிப்பதுதான்.

படி 1: 15 நிமிடம் கழுவுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எந்தச் சோப்பானாலும் சரி, துணி துவைக்கிற சோப்பானாலும் சரி. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பு அதை உடைத்துவிடும். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். பிள்ளை அழுதால் மடியில் உட்கார வைத்துக்கொண்டு கழுவுங்கள். பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம்.

படி 2: வேறு எதையும் வைக்காதீர்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள், வெங்காயம், எருக்கம்பால் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு வைத்தியம் இருக்கிறது. பாசத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் எரிச்சலூட்டும் பொருள்கள் புண்ணைக் கிளறி வைரஸை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தையும் தின்றுவிடும். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உடனே தையல் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். கட்டாயம் தைத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்துச் சொல்லப்போகும் இம்யூனோகுளோபுலின் மருந்தைப் புண்ணில் செலுத்திய பிறகுதான் டாக்டர் தைப்பார்.

படி 3: அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். 'நாய் சாகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம்' என்று காத்திருக்கக் கூடாது. அதே நேரம், நாய் கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இனி போய் என்ன பயன் என்றும் இருந்துவிடாதீர்கள். அறிகுறி வராத வரை எப்போது போனாலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

படி 4: நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். என்ன விலங்கு, எங்கே கடித்தது, ரத்தம் வந்ததா, சும்மா பிராண்டியதா, இருக்கிற புண்ணில் நக்கியதா, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டதா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். இதை வைத்துத்தான் டாக்டர் மூன்று வகையாகப் பிரிக்கிறார். காயமில்லாத தோலை நாய் நக்கினாலோ, நாம் அதைத் தொட்டாலோ அது முதல் வகை. கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. ரத்தம் வராத சின்னக் கீறல் இரண்டாம் வகை. தடுப்பூசி வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, புண்ணில் நக்கியது, கண் வாய் மூக்கில் எச்சில் பட்டது எல்லாம் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். நரி, குரங்கு, காட்டுப்பூனை போன்ற காட்டு விலங்குகள் கடித்தால் மூன்றாம் வகையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 5: இம்யூனோகுளோபுலின் பற்றி நீங்களே கேளுங்கள். நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதைத்தான், ஏனென்றால் பலருக்கு இப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாது. தடுப்பூசி போட்டதும் உடல் எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் காவலுக்கு யார்? அதற்குத்தான் ஏற்கெனவே தயாராக இருக்கிற எதிர்ப்புப் பொருளைப் புண்ணுக்குள்ளேயும் புண்ணைச் சுற்றியும் ஊசியால் செலுத்துகிறார்கள். உடல் எடையைக் கணக்கிட்டுத்தான் அளவு. வலிக்கும். பிள்ளைகள் கத்துவார்கள். பரவாயில்லை, பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி போட்ட அன்றே இதைப் போடுவது நல்லது. அன்று கிடைக்காவிட்டால் 7 நாளுக்குள் போட்டாக வேண்டும். உங்கள் ஊர் நிலையத்தில் இது இல்லை என்றால், தடுப்பூசியின் முதல் தவணையை அங்கேயே போட்டுக்கொண்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே கிளம்புங்கள்.

படி 6: எல்லாத் தவணையையும் முடியுங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறை பரவலாக உள்ளது. ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் ஒவ்வொன்று, 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தவணை. இந்த 0 என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அது முதல் ஊசி போட்ட நாள், நாய் கடித்த நாளோ மறுநாளோ அல்ல. திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது வியாழன், அப்புறம் அடுத்த திங்கள், கடைசி ஊசி முதல் ஊசியிலிருந்து நாலு வாரம் கழித்து வரும் திங்கள். நாள்காட்டியில் அன்றே வட்டம் போட்டுவிடுங்கள். ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, உடனே போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசி ஊசியைத்தான் 'அதான் ஆறிடுச்சே' என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

ஊசி என்றதும் பழைய ஞாபகத்தில் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் சின்ன வயதில் நாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. இந்தியாவில் 2004 இறுதியோடு அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள், சின்னக் குழந்தை என்றால் தொடையில். புட்டத்தில் போடக் கூடாது, மருந்து சரியாக வேலை செய்யாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பச்சைக்குழந்தைகள் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். கோழிக்கறி சாப்பிடக் கூடாது, கத்தரிக்காய் ஆகாது என்கிற பத்தியம் எதுவும் இல்லை.

ஏற்கெனவே முழுத் தவணையும் போட்டவரை மறுபடி நாய் கடித்தால்? அதே கழுவல், பிறகு 0, 3 ஆகிய இரண்டு நாள் மட்டும் ஊசி. இம்யூனோகுளோபுலின் வேண்டாம். அதனால் பழைய ஊசிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 7: நாயை அடித்துக் கொல்லாதீர்கள், பத்து நாள் கவனியுங்கள். நாயின் எச்சிலில் வைரஸ் வருவது, அதற்கு நோய் தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். கடித்தபோது வைரஸ் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் நோயில் விழுந்து செத்துவிடும். பத்தாம் நாளும் நன்றாகத் தின்று திரிகிறது என்றால் அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை. அப்போது மீதித் தவணையை என்ன செய்யலாம் என்று டாக்டர் சொல்வார். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான் பொருந்தும். தெருநாய் கடித்துவிட்டு ஓடிவிட்டால் எதையும் யோசிக்காமல் எல்லா ஊசியையும் முடிக்க வேண்டியதுதான்.

எலி, அணில், முயல் கடித்தால் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படுவதில்லை. ஆனாலும் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம்.

பிள்ளைகளிடம் பேச வேண்டியது

உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக அளவில் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அவர்கள் உயரம் குறைவு, கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது. அதோடு, அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஊசிக்குப் பயந்து மறைப்பார்கள். நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது தெரிந்தால் அடி விழும் என்று மறைப்பார்கள். சின்னக் கீறல்தானே என்று மறந்தே போவார்கள். 'நாய் பூனை ஏதாவது கடிச்சாலோ பிராண்டினாலோ உடனே வந்து சொல்லு, நான் திட்டவே மாட்டேன்' என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள். சாயங்காலம் கைகால் கழுவும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடாத நாய்க்குட்டி கடித்தாலும் அது கடிதான். 'குட்டிதானே, பால் பல்லுதானே' என்று விட்டு இழந்த குடும்பங்கள் உண்டு.

தெருநாய் நெருங்கினால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணை முறைத்துப் பார்க்கக் கூடாது. மரம் மாதிரி அசையாமல் நின்றால் அது முகர்ந்துவிட்டுப் போய்விடும். சாப்பிடுகிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகவே கூடாது.

உங்கள் நாய்க்கும் பூனைக்கும்

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் ஊசி, சுமார் ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடா வருடம். ஓர் ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகம் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொண்ட கணக்கு. கோவா மாநிலம் வருடக்கணக்கில் தெருத்தெருவாகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டு, 2021இல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாய்களைக் கொன்று யாரும் இதைச் சாதித்ததில்லை. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத புது நாய்கள் வந்து சேர்கின்றன. உங்கள் தெருவில் நாய்க்குச் சோறு வைக்கிறவர் யாராவது இருந்தால் அவரோடு சண்டை போடாதீர்கள். தடுப்பூசி முகாம் அன்று அந்த நாய்களைப் பிடித்துக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

குடல் பூச்சிக்கான மருந்தையும் மறக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம். இறைச்சிக் கடையில் தூக்கிப் போடும் பச்சை ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடாதீர்கள். அதில் நீர்க்கட்டிகள் இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை மலத்தோடு வந்து நம் கைக்கும் வாய்க்கும் சேரும். நம் ஈரலில் பெரிய கட்டியாக வளர்ந்து, பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். வேகவைத்துப் போட்டால் பிரச்சினை இல்லை.

வீட்டில் பூனை இருந்து ஒருவர் கர்ப்பமாகிவிட்டால், பூனையை விரட்டச் சொல்வார்கள். தேவையில்லை. பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம், ஆனால் அது வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. பூனை மண் தட்டைத் தினமும் வேறு ஒருவர் சுத்தம் செய்தால் போதும். கர்ப்பிணி தோட்ட மண்ணைத் தொட்டால் கையுறை, பிறகு சோப்பு.

மழையும் எலியும்

எலிக்காய்ச்சல் என்ற பெயர் ஒரு விதத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. எலி கடித்தால்தான் வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் இது எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமியால் வருவது. மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அது இருக்கலாம். மழை பெய்து தண்ணீர் தேங்கும்போது அந்தச் சிறுநீர் கலந்து, நம் காலில் இருக்கும் பித்தவெடிப்பு, சேற்றுப்புண், சிராய்ப்பு வழியாக உள்ளே போய்விடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் தண்ணீர் வடிந்த வீடுகளைச் சுத்தம் செய்யப் போனவர்களுக்குத்தான் இது பெரிய அளவில் வந்தது. இலங்கையில் இது நெல் வயலின் நோய். 2008இல் மட்டும் அங்கே 7,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலில் அடுத்தடுத்து ஆட்கள் இறந்தபோது, என்ன காய்ச்சல் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்தது.

தேங்கிய தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கும் முன் கால் கைகளில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டுங்கள், முடிந்தால் கம்பூட் போடுங்கள். நாற்று நடுகிறவர்கள் பூட்ஸ் போட்டு வேலை செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். அவர்கள் வேலை முடிந்ததும் வாய்க்கால் தண்ணீரில் அலசிவிட்டு வராமல், நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவதையாவது விடக் கூடாது. வெள்ள மீட்பு, துப்புரவு, வயல் வேலை போன்ற ஆபத்து அதிகமுள்ள வேலைகளுக்கு, வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பது உண்டு. கேரளத்திலும் இலங்கையிலும் சுகாதாரத் துறையே இதைக் கொடுக்கிறது. டாக்டரோ சுகாதார ஆய்வாளரோ சொல்லி எடுக்க வேண்டிய மாத்திரை இது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது.

நோய் வந்தால் எப்படி இருக்கும்? தண்ணீரில் இறங்கிய ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள், சில சமயம் ஒரு மாதம் வரைகூட, திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி. கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை இருக்காது. இந்த நிலையிலேயே மருந்து தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்துவிட்டால் ஈரலும் சிறுநீரகமும் அடிவாங்கிவிட்டன என்று அர்த்தம். அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

எலியைக் குறைக்க விஷத்தைவிடச் சோறு கிடைக்காமல் செய்வதுதான் நீடித்த வழி. அரிசி, மாட்டுத் தீவனம், நாய்க்கு வைத்த மிச்சச் சோறு எதுவும் ராத்திரி திறந்து கிடக்கக் கூடாது. செத்த எலியை வெறும் கையால் எடுக்காதீர்கள்.

மாட்டுக் கொட்டகை

மாடு ஏழு எட்டு மாதச் சினையில் கன்று வீசிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் மனசு உடைந்துபோகும். அந்த வருத்தத்தில் வெறும் கையாலேயே செத்த கன்றைத் தூக்குவதும், நஞ்சுக்கொடியை இழுத்துப் போடுவதும் நடக்கிறது. இங்கேதான் கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லோசிஸ், மாட்டிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறது. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் வடிகிற நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். பாலிலும் இருக்கும்.

மனிதர்களுக்கு வந்தால் காய்ச்சல் விட்டு விட்டு வாரக்கணக்கில் வரும். ராத்திரி வேர்த்துக் கொட்டும், முதுகும் மூட்டும் வலிக்கும், ஆண்களுக்கு விரை வீங்கலாம். பலரும் மாதக்கணக்கில் டைபாய்டுக்கும் மூட்டுவலிக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். 'எங்க மாடு கன்னு வீசிச்சு, நான்தான் எடுத்துப் போட்டேன்' என்று டாக்டரிடம் சொன்னால் அவர் யோசிக்கும் திசையே மாறிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைந்தது ஆறு வாரம் இரண்டு மருந்து சேர்த்துச் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும்.

கொட்டகையில் செய்ய வேண்டியது இதுதான். கன்று வீசிய மாட்டைத் தனியே கட்டுங்கள். நீளமான கையுறை, மூக்கு வாய் மறைக்கும் துணி, செருப்பு இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கையுறை இல்லையென்றால் கெட்டியான பிளாஸ்டிக் பையையாவது கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாயிடம் தூக்கிப் போடாதீர்கள், வேலியில் தொங்கவிடாதீர்கள், ஓடையில் எறியாதீர்கள். இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள். கர்ப்பிணிகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். அப்புறம் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கச் செய்யுங்கள். காரணம் தெரியும் வரை அந்த மாட்டை விற்காதீர்கள். தெரியாமல் வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பிள்ளை பால் குடிக்கும்.

தடுப்பூசி இருக்கிறது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை போட்டால் போதும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியோடு இதையும் இலவசமாகப் போடுகிறார்கள். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. இந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, ஊசி தவறிக் கையில் குத்தினால் மனிதருக்கே நோய் வரலாம். அதனால் மருத்துவர் போடும்போது கன்றை இறுக்கிப் பிடித்துக்கொடுங்கள்.

திடீரென்று செத்த மாடு

நேற்று நன்றாக இருந்த மாடோ ஆடோ இன்று காலை செத்துக் கிடக்கிறது, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த ரத்தம் உறையாமல் கசிகிறது என்றால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள். தோலை உரிக்காதீர்கள். கறியைப் பங்கு போடாதீர்கள்.

காரணம் இதுதான். செத்த உடலுக்குள் இருக்கும்வரை இந்தக் கிருமி அழுகலில் தானே பெரும்பாலும் அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் அது கெட்டியான ஓட்டுக்குள் புகுந்துகொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு நாள் கறிக்காக ஒரு மேய்ச்சல் நிலத்தையே பேரன் காலம்வரை கெடுத்துவிடுவோம். கால்நடை மருத்துவர் காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தே கண்டுபிடித்துவிடுவார். பிறகு ஆறடி ஆழத்தில் சுண்ணாம்போடு புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். இந்த நோய் வந்த பகுதிகளில் வருடந்தோறும் மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுகிறார்கள்.

செத்த மாட்டைத் தொட்டவர் கையில் அரிக்கும் கொப்புளம் வந்து, நடுவில் கறுத்து, ஆனால் வலியே இல்லாமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் வந்தால் குணமாக்கக்கூடியதுதான்.

பால், கறி, முட்டை

நாம் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள். அந்தப் பழக்கம் காசநோய், கன்று வீச்சு நோய் உட்பட எத்தனையோ நோய்களிலிருந்து நம்மைக் காத்து வந்திருக்கிறது. பச்சைப்பால்தான் சத்து என்று இப்போது சிலர் சொல்லக் கேட்கிறேன். தயவுசெய்து கேட்காதீர்கள். கறந்த சூட்டோடு பிள்ளை வாயில் பீய்ச்சுவதும் வேண்டாம்.

கறியும் முட்டையும் நடுவரை வேக வேண்டும். நன்றாக வெந்த கோழிக்கறியில் பறவைக் காய்ச்சல் கிருமி பிழைக்காது. கோழிகள் கூட்டமாகச் செத்தால் அறுக்காமல், தொடாமல், கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். பச்சைக் கறி நறுக்கிய பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீர்கள்.

பன்றி நாடாப்புழு பற்றி ஒன்று மட்டும். மூளையில் கட்டி வந்து வலிப்பு உண்டாக்கும் நோய் பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் வருவதில்லை. புழு உள்ள ஒருவரின் மலத்திலிருந்து முட்டை, கழுவாத கீரையிலும் கேரட்டிலும் ஏறி, சைவம் சாப்பிடுகிறவர் மூளைக்கும் போகிறது. பச்சையாகத் தின்கிற காய்களை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

காடும் புதரும்

வவ்வால் கடித்துப் போட்ட கொய்யா, மாம்பழம் இனிக்கும் என்று எடுத்துத் தின்பது கிராமத்துப் பழக்கம். நிபா வைரஸ் பழந்தின்னி வவ்வால்களில் இருக்கிறது. 1998-99இல் மலேசியாவில் வவ்வாலிலிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து பண்ணைக்காரர்களுக்கும் பரவி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் பரவியபோது 17 பேர் இறந்தார்கள். பல் பட்ட பழத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வவ்வால் மரத்தை வெட்டப் போகாதீர்கள், விரட்டினால் அவை இன்னும் பரவும்.

புதர், மேய்ச்சல் நிலம், விறகு பொறுக்கும் இடம் போய் வருகிறவர்களுக்கு வருவது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சி கடித்து வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பெண்கள் கூச்சத்தில் காட்டுவதில்லை. அந்த ஒரு பொருக்கைப் பார்த்துவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும், மருந்தும் விலை குறைந்த சாதாரண மருந்துதான். முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள், வந்ததும் குளித்துவிட்டுத் துணியை மாற்றுங்கள், புல் தரையில் அப்படியே படுக்காதீர்கள்.

காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது

கூட்டமான மருத்துவமனையில் டாக்டருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது மூன்று நிமிடம். 'காய்ச்சல், உடம்பு வலி' என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதோடு இவற்றையும் நீங்களாகவே சொல்லுங்கள்:

காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது. கடந்த ஒரு மாதத்தில் தேங்கிய தண்ணீரில், சேற்றில் இறங்கினீர்களா. வீட்டில் மாடு, ஆடு, பன்றி இருக்கிறதா, அவற்றில் எதற்காவது கன்று வீச்சோ திடீர் சாவோ நடந்ததா. பச்சைப்பால் குடித்தீர்களா. புதர்க்காட்டுக்குப் போனீர்களா, உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருக்கிறதா. கடந்த சில மாதங்களில் நாய், பூனை, குரங்கு கடித்ததா, பிராண்டியதா. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்.

வயதானவர்களுக்கு இது ஞாபகம் இருக்காது என்றால் கூடப் போகிறவர் சொல்லலாம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாலும் சரிதான்.

அப்படியே இன்னொரு தாள் எடுத்து, அடுப்படிக் கதவிலோ நாள்காட்டிக்குப் பக்கத்திலோ ஒட்டிவைக்க இவற்றை எழுதுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, கால்நடை மருத்துவ ஊர்தி 1962. அதற்குக் கீழே, நாய்க்குக் கடைசியாக ஊசி போட்ட தேதி, கிடேரிக்குப் போட்ட தேதி, வீட்டில் யாருக்காவது நாய்க்கடி ஊசி போட்டிருந்தால் அந்த வருடம்.